நியூவார்க் சார்ட்டர் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் கற்பித்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், எடிசன், ஜெர்சி சிட்டி போன்ற ஊர்களில் குடியேறிய தமிழர்களில் அறிவியல் பட்டம் பெற்றவர்கள் ஏராளம். அவர்களில் சிலர், குறிப்பாகப் பெண்கள், சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஆசிரியப் பணியை நாடுகின்றனர். அருகிலுள்ள நியூவார்க் நகரின் சார்ட்டர் பள்ளிகளில் அவர்களுக்கு வாய்ப்புகள் கிடைக்கின்றன. அந்தப் பணியை ஏற்கப்போகிறவருக்கும் ஏற்றபின் திணறுகிறவருக்கும் பயன்படும் வகையில் இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. இதன் அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான்: இப்பள்ளிகளில் பல தம் பெயரிலேயே வைத்திருக்கும் 'கல்லூரிக்குத் தயார்ப்படுத்தல்' என்ற வாக்கு, பதினொரு வயதுக் குழந்தை சான்றை முன்வைத்து வாதிடக் கற்கும் இடத்தில்தான் நிறைவேறுகிறது. வகுப்பின் ஒழுங்கு, நேர அட்டவணை, தேர்வுப் பயிற்சி ஆகிய அனைத்தும் அதற்குத் துணையாக அமைய வேண்டும்.

முதல் படி: சேரும் பள்ளியை அறிந்துகொள்ளுதல்

சார்ட்டர் பள்ளி என்பது அரசின் பொதுப் பணத்தில், கட்டணமின்றி, ஆனால் தனி நிர்வாகக் குழுவின் கீழ் நடக்கும் பொதுப்பள்ளி. இதற்கான முதல் சட்டம் 1991இல் மினசோட்டா மாநிலத்தில் இயற்றப்பட்டது. நியூ ஜெர்சியின் சட்டம் 1996 ஜனவரியில் கையெழுத்தானது. நியூவார்க்கில் நார்த் ஸ்டார் அகாடமி 1997இலும், பல மாநிலங்களில் சார்ட்டர் பள்ளிகளை நடத்தும் கிப் அமைப்பின் டீம் அகாடமி 2002இலும் தொடங்கின. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் சேர்க்கை குலுக்கல் முறையில் நடக்கும். எனவே ஒரே வகுப்பில் எல்லா நிலைகளிலும் உள்ள மாணவர்கள் இருப்பார்கள். நியூ ஜெர்சியில் ஒரு சார்ட்டரின் முதல் அனுமதி நான்கு ஆண்டுகளுக்கும், புதுப்பிப்பு ஐந்து ஆண்டுகளுக்கும் வழங்கப்படுகிறது. இந்தப் புதுப்பிப்பில் மாணவர்களின் தேர்வு முடிவுகளுக்குப் பெரும் பங்குண்டு என்பதை மனத்தில் கொண்டால், பள்ளி முதல்வர் ஏன் எண்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறார் என்பது புரியும்.

நேர்காணலில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வாரத்தில் அறிவியலுக்கு எத்தனை நிமிடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன? 2015ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வாசிப்புக்கும் கணிதத்துக்கும் ஆண்டுதோறும் தேர்வு நடத்தப்பட வேண்டும். அறிவியலுக்கோ ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடையில் ஒரே ஒரு முறை நடத்தினால் போதும். நியூ ஜெர்சியில் அந்தத் தேர்வு எட்டாம் வகுப்பில் வருகிறது. இதன் விளைவாக, ஆறாம், ஏழாம் வகுப்புகளின் அறிவியல் நேரத்தைக் கணிதப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் எளிதில் நுழைந்துவிடுகிறது. நாள்தோறும் ஒரு முழுப் பாடவேளை உறுதியாகக் கிடைக்குமா, குழாயும் கழுவுதொட்டியும் உள்ள அறை உண்டா, பொருள்கள் வாங்க ஆண்டுக்கு எவ்வளவு தொகை ஒதுக்கப்படுகிறது ஆகியவற்றுக்கு விடை கிடைத்த பிறகே கையெழுத்திடுங்கள்.

நியூ ஜெர்சியில் சார்ட்டர் பள்ளி ஆசிரியருக்கும் மாநிலச் சான்றிதழ் தேவை. இந்தியப் பட்டத்தை மதிப்பீடு செய்து பெறுதல், ப்ராக்ஸிஸ் பாடத்தேர்வு, கைரேகைச் சோதனை ஆகியவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், செப்டம்பரில் பணியில் சேர விரும்புவோர் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: ஆண்டைப் பின்னிருந்து திட்டமிடுதல்

2013இல் வெளியான 'அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள்' என்ற ஆவணத்தை நியூ ஜெர்சி 2014இல் ஏற்றுக்கொண்டது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு மாணவர் எதைச் செய்துகாட்ட வேண்டும் என்று கூறும் 59 எதிர்பார்ப்புகள் அதில் உள்ளன. பள்ளி ஆண்டுக்கு 180 நாள் என்று கொண்டு, ஆண்டுக்கு இருபது எதிர்பார்ப்புகளாகப் பிரித்தால், ஒன்றுக்கு ஒன்பது பாடவேளைகள்தான் கிடைக்கும். அதிலும் தேர்வு நாள்கள், பனிப்பொழிவு விடுமுறைகள், சுற்றுலாக்கள் கழியும். ஒவ்வொன்றாக நடத்தினால் ஒன்றும் நிலைக்காது. நான்கைந்து எதிர்பார்ப்புகளை ஒரே கேள்வியின் கீழ்க் கோத்து, ஆண்டுக்கு ஐந்து அல்லது ஆறு அலகுகளாக அமைப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

இந்தத் தரநிலைகளில் ஒவ்வோர் எதிர்பார்ப்பும் மூன்று இழைகளைக் கொண்டது: அறிவியலின் உள்ளடக்கம்; மாதிரி அமைத்தல், தரவை ஆராய்தல், சான்றுடன் வாதிடல் போன்ற எட்டுச் செயல்முறைகள்; காரணமும் விளைவும், அளவும் விகிதமும் போன்ற ஏழு பொதுக் கருத்துகள். உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவது, பாடநூலை மனப்பாடம் செய்து தேர்வெழுதி வளர்ந்த நம்மில் பலருக்கு இயல்பாக வரும். எட்டாம் வகுப்புத் தேர்வோ அறிமுகமில்லாத ஒரு தரவு அட்டவணையைத் தந்து விளக்கம் கேட்கிறது. வரையறைகளை ஒப்பிக்கத் தெரிந்த குழந்தை அங்கே நின்றுவிடும். ஆகவே அலகின் இறுதிப் பணியை முதலில் எழுதுங்கள். குழந்தை எந்தத் தரவைப் பார்த்து எதை விளக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்த பிறகு, அதற்கு எந்தெந்தப் பாடங்கள் வேண்டும் என்று பின்னோக்கி வாருங்கள். ஓப்பன்சைஎட் என்ற பாடத்திட்டம் நடுநிலை வகுப்புகளுக்கு முழுமையாகவும் இலவசமாகவும் கிடைக்கிறது. முதலாண்டு ஆசிரியர் எல்லாவற்றையும் தாமே எழுத முயலாமல் அதிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

மூன்றாம் படி: மாணவர் வாழும் ஊரிலிருந்து கேள்வியை எடுத்தல்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நியூவார்க், அறிவியல் ஆசிரியருக்குக் கேள்விகளை அள்ளித்தரும் ஊர். பசாயிக் ஆற்றின் அடியில் டயாக்சின் நச்சு படிந்திருக்கிறது. அதன் மூலமான லிஸ்டர் அவென்யூ தொழிற்சாலை வளாகம் 1984இல் கூட்டாட்சியின் தூய்மைப்படுத்தும் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2012இல் சாண்டி புயலின்போது அயர்ன்பவுண்ட் பகுதியில் வெள்ளம் புகுந்தது. துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகளின் புகை, கோடையில் மரமற்ற தெருக்களின் வெப்பம், ஆஸ்துமா ஆகியவை குழந்தைகளுக்கு அன்றாட அனுபவம். 2022 செப்டம்பர் முதல் நியூ ஜெர்சிப் பள்ளிகளில் காலநிலை மாற்றம் பல பாடங்களிலும் இடம்பெறுவதால், இவற்றை வகுப்புக்குள் கொண்டுவரத் தனி அனுமதியும் தேவைப்படாது.

வேதியியலுக்கு நான் பரிந்துரைக்கும் கேள்வி குடிநீர்க் குழாயில் இருக்கிறது. நியூவார்க்கின் வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஈயக் குழாய்கள் இருந்தன. நீர்த்தேக்கத்திலிருந்து புறப்படும் தண்ணீரில் ஈயம் இல்லை. ஆனால் அரிப்புத் தடுப்பு முறை பலனளிக்காமல் போனபோது, குழாயின் உட்புறத்திலிருந்து ஈயம் கரைந்து நீரில் கலந்தது. 2018இல் நகராட்சி வடிகட்டிகளை வழங்கியது. 2019இல் சில பகுதிகளுக்குப் புட்டிநீர் தரப்பட்டது. அதே 2019இல் நீரில் ஆர்த்தோபாஸ்பேட் சேர்க்கத் தொடங்கினர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்புப் படிவதுபோல, அது ஈயத்துடன் சேர்ந்து குழாயின் உட்புறத்தில் எளிதில் கரையாத ஒரு படலமாகப் படிகிறது. மூன்றாண்டுகளுக்குள் சுமார் 23,000 ஈயக் குழாய்கள் மாற்றப்பட்டன. 'பார்வைக்குத் தெளிவாக இருந்த நீரில் ஈயம் எப்படி வந்தது? வேறொரு பொருளைச் சேர்த்ததும் அது ஏன் குறைந்தது?' என்ற இரு கேள்விகளுக்குள் துகள் கொள்கை, கரைசல், வேதிவினை, நிறை மாறாமை ஆகிய அனைத்தும் அடங்கிவிடுகின்றன.

அலகின் முதல் நாளில் விடை எதையும் சொல்லாதீர்கள். நிகழ்வை மட்டும் கூறி, குழந்தைகள் ஒவ்வொருவரும் தம் கேள்வியைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் செய்யுங்கள். அடுத்த வாரங்களில் ஒவ்வொரு சோதனைக்கும் முன் அந்தச் சுவருக்குத் திரும்புங்கள். இரண்டாம் நாளில் நீர்க்கச் செய்யும் சோதனையை நடத்தலாம். முதல் கிண்ணத்தில் ஒரு பங்கு உணவு நிறமியும் ஒன்பது பங்கு நீரும் கலக்கப்படும். அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து ஒன்பது பங்கு நீருடன் அடுத்த கிண்ணத்தில் கலக்கப்படும். ஒன்பதாவது கிண்ணத்தில் நிறமி பில்லியனில் ஒரு பங்காகிவிடும். நிறம் அதற்கு வெகு முன்னரே கண்ணிலிருந்து மறைந்துவிடும்; ஆனால் பொருள் இன்னும் உள்ளே இருக்கிறது. நகராட்சிகள் நடவடிக்கை எடுக்க வேண்டிய ஈய அளவாகக் கூட்டாட்சி அரசு அப்போது வைத்திருந்தது பில்லியனில் 15 பங்கு என்பதை இதற்குப் பிறகு சொன்னால், அந்த எண்ணுக்கு ஓர் உருவம் கிடைத்துவிடும்.

ஈயத்தை வகுப்புக்குள் கொண்டுவரவே கூடாது. அரிப்பைக் காட்ட இரும்பு ஆணிகள் போதும். துத்தநாகம் பூசாத ஆணிகளைத் தேர்ந்தெடுத்து, எண்ணெய் போகச் சோப்பு நீரில் கழுவி, குழாய் நீர், உப்பு நீர், வினிகர் கலந்த நீர், சமையல் சோடா கலந்த நீர் ஆகியவற்றில் ஒரு வாரம் வைக்கலாம். சோடா நீரில் ஆணி பெரிதும் துருப்பிடிக்காமல் இருப்பதைக் காணும் குழந்தைகள், நீரில் எதைச் சேர்க்கிறோம் என்பது குழாயைக் காக்கவும் அழிக்கவும் கூடும் என்பதைத் தாமே கண்டுகொள்வார்கள்.

இத்தகைய கேள்விகளில் ஒரு பொறுப்பும் உண்டு. வகுப்பில் உள்ள குழந்தையின் தம்பிக்கோ தங்கைக்கோ இரத்தத்தில் ஈயம் கண்டறியப்பட்டிருக்கலாம். அலகைத் தொடங்கும் முன் பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். நகரம் என்ன செய்தது, தெருவில் இறங்கிய மக்கள் எதைக் கேட்டுப் பெற்றார்கள் என்பதையும் பாடத்தின் பகுதியாக்குங்கள்.

நான்காம் படி: ஒரு பாடவேளையை அமைத்தல்

ஐம்பத்தைந்து நிமிடப் பாடவேளையை எடுத்துக்கொள்வோம். இப்பள்ளிகளில் 'டூ நவ்' என்று அழைக்கப்படும் நுழைவுப் பணி பலகையில் காத்திருக்க, குழந்தைகள் அமர்ந்த உடனே எழுதத் தொடங்குவார்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். பழைய வரையறையைக் கேட்காமல், நேற்றைய தரவிலிருந்து ஒரு கேள்வியைக் கேளுங்கள். அடுத்த பத்து நிமிடம் இன்றைய சோதனையை முன்கணிப்பதற்கு உரியது: என்ன நடக்கும், ஏன் என்று ஒவ்வொருவரும் எழுதி, பக்கத்து மாணவருடன் பேச வேண்டும். இருபது நிமிடம் சோதனையும் பதிவும். பதினைந்து நிமிடம் வகுப்புக் கலந்துரையாடல். கடைசி ஐந்து நிமிடம் 'எக்ஸிட் டிக்கெட்' எனப்படும் சிறு தாள். நேரம் போதாதபோது ஆசிரியர்கள் முதலில் வெட்டுவது கலந்துரையாடலைத்தான். வெட்ட வேண்டியதிருந்தால் சோதனையின் ஒரு பகுதியை வெட்டி, பேச்சைக் காப்பாற்றுங்கள்.

கலந்துரையாடலில் செய்ய வேண்டிய மிக எளிய மாற்றம் காத்திருப்பது. கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் ஆராய்ந்து வெளியிட்டார். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினர். ஒரு குழந்தை விடை சொன்னதும் 'சரி' என்று முடித்துவிடாமல், 'இவர் சொன்னதை யார் ஏற்கவில்லை? எந்தத் தரவைக் காட்டி மறுப்பீர்கள்?' என்று வகுப்பிடம் திருப்புங்கள்.

ஒழுங்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கல்லூரி நோக்கிய சார்ட்டர் பள்ளிகளில் பல, அமைதியான நடைபாதை, முதுகு நிமிர்ந்த அமர்வு, சிறு பிழைக்கும் மதிப்பெண் குறைப்பு என்ற கண்டிப்பான பண்பாட்டில் வளர்ந்தவை. கிப் அமைப்பே 'கடினமாக உழை, நல்லவனாக இரு' என்ற தன் முழக்கத்தை 2020இல் கைவிட்டது. நியூவார்க்கிலும் இந்த மாற்றம் தொடர்கிறது. வகுப்புக்கு நிலையான வழக்கங்கள் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பொருள்களை யார் எடுப்பது, எங்கே கழுவுவது, எந்தக் கையசைவுக்கு எல்லோரும் நிறுத்துவது என்பவற்றைச் செப்டம்பரின் முதல் இரு வாரங்களில் திரும்பத் திரும்பப் பயிற்றுவித்தால், ஆண்டு முழுவதும் பாத்திரம் உடையாது, நேரமும் வீணாகாது. ஆனால் சோதனை நடக்கும் அறை சத்தமாகத்தான் இருக்கும். தராசின் முன் இரு குழந்தைகள் உரக்க வாதிடுவதை நடத்தைக் குறையாகப் பதிவு செய்யும் வகுப்பில் அறிவியல் நடக்காது. வகுப்பைப் பார்வையிட வரும் முதல்வரிடம் இதை முன்கூட்டியே விளக்கி, அவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: சோதனைகளும் பாதுகாப்பும்

அலுவலகக் கட்டடத்தையோ பழைய தேவாலயப் பள்ளியையோ வாடகைக்கு எடுத்து நடத்தும் சார்ட்டர்களில் முறையான ஆய்வகம் இருப்பதில்லை. கண் கழுவும் வசதி, தீயணைப்பான், கண்ணாடிக் கவசங்களைச் சுத்தம் செய்யும் முறை ஆகியவை இல்லாத அறையில் தீயும் வலுவான அமிலமும் வேண்டாம். ஆய்வக வகுப்பில் 24 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க அறிவியல் ஆசிரியர் சங்கத்தின் பரிந்துரை. முப்பது பேர் இருந்தால் பாதிப் பேருக்குச் சோதனை, பாதிப் பேருக்குத் தரவு ஆய்வு என்று மாற்றி மாற்றி நடத்துங்கள். மெத்தனாலை எரித்து வண்ணச் சுடர் காட்டும் செய்முறை பல பள்ளிகளில் மாணவர்களுக்குத் தீக்காயம் ஏற்படுத்தியிருக்கிறது. அதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) என்ற கணினிச் செய்முறை உருவகங்கள் இலவசம். நேரடியாகச் செய்ய முடியாதவற்றுக்கு அவை உதவும்.

நிறை மாறாமையைக் காட்டும் சோதனையில் ஒரு நுணுக்கத்தை விரிவாகச் சொல்கிறேன். வினிகரையும் சமையல் சோடாவையும் ஜிப் பையில் கலந்து எடை பார்ப்பது வழக்கம். பை உப்பும்போது அது இடம்பெயர்க்கும் காற்றின் மிதப்பு விசையால், ஒவ்வொரு லிட்டர் உப்பலுக்கும் தராசு சுமார் 1.2 கிராம் குறைத்துக் காட்டும். குழந்தைகள் தரவை நேர்மையாகப் படித்து, நிறை குறைந்தது என்று தவறான முடிவுக்கு வருவார்கள். பைக்குப் பதிலாக ஒரு லிட்டர் பிளாஸ்டிக் சோடாப் பானப் புட்டியில் 50 மில்லிலிட்டர் வினிகரை ஊற்றி, ஒரே ஒரு கிராம் சமையல் சோடாவை மெல்லிய தாளில் சுருட்டிப் போட்டு உடனே மூடுங்கள். இந்த அளவுக்குப் புட்டியின் உள்ளழுத்தம் சிறிதளவே கூடும். அளவை ஏற்றக் கூடாது, கண்ணாடிக் கவசம் கட்டாயம். மூடியிருக்கும்வரை நிறை மாறாது. மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்ற ஒலியுடன் நிறை குறையும். அந்தக் குறைவு அரைக் கிராமை எட்டாது என்பதால், 0.1 கிராமோ அதற்கும் நுணுக்கமாகவோ காட்டும் தராசு தேவை.

ஆறாம் படி: எழுத வைத்தல்

கூற்று, சான்று, காரணம் என்ற மூன்று பகுதி அமைப்பு பல பள்ளிகளில் புழங்குகிறது. முதல் இரண்டும் எளிது. மூன்றாவதில்தான் குழந்தைகள் சான்றையே மறுபடியும் எழுதிவிடுவார்கள். 'மூடிய புட்டியின் நிறை மாறவில்லை, எனவே நிறை மாறவில்லை' என்ற விடையைப் பார்த்தால், 'புட்டிக்குள் துகள்களுக்கு என்ன ஆயிற்று? அவை எங்கும் போகாததற்கும் இந்த எண்ணுக்கும் என்ன தொடர்பு?' என்று நோட்டின் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள். மதிப்பெண் இடுவதைவிட இது அதிக நேரம் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு வகுப்பின் நோட்டுகள் என்று முறைவைத்துக் கொண்டால் செய்ய முடியும்.

ஏழாம் வகுப்பின் ஒளிச்சேர்க்கைப் பாடத்திலும் இதே பயிற்சிக்கு இடமுண்டு. பதினேழாம் நூற்றாண்டு வேதியியலாளர் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு மண்ணில் வில்லோக் கன்றை நட்டு, ஐந்து ஆண்டு நீர் ஊற்றினார். மரம் சுமார் 164 பவுண்டு கூடியது; மண் சில அவுன்ஸ் மட்டுமே குறைந்தது. மரம் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அவருடைய குறிப்பு 1648இல் வெளிவந்தது. அளவீடு சரி, முடிவு குறைபாடுடையது. காற்று கணக்கில் வரவில்லை. இந்தத் தரவை மட்டும் தந்து, அவருக்கு ஒரு மறுப்புக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். புட்டிச் சோதனையில் வாயுவுக்கும் நிறை உண்டு என்று கண்ட குழந்தைகளால் இதை எழுத முடியும்.

ஏழாம் படி: எல்லாக் குழந்தைகளையும் உள்ளே கொண்டுவருதல்

வகுப்பில் ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ஹெய்ட்டியன் கிரியோல் பேசும் குழந்தைகள் இருப்பார்கள், ஐ.இ.பி. எனப்படும் தனிக்கல்வித் திட்டம் உள்ளவர்களும் இருப்பார்கள். மாற்றுத்திறன் மாணவர் கல்விச் சட்டம் சார்ட்டர் பள்ளிகளையும் முழுமையாகக் கட்டுப்படுத்துகிறது. அந்தத் திட்டத்தில் எழுதப்பட்ட கூடுதல் நேரம், பெரிய எழுத்து, சத்தமாக வாசித்துக் காட்டல் ஆகியவை ஆசிரியரின் விருப்பத்துக்கு உரியவை அல்ல. பள்ளி தொடங்கும் முன்பே எல்லாத் திட்டங்களையும் படித்து, இருக்கை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த குழந்தை முதலில் படம் வரைந்தும் தன் மொழியில் எழுதியும் விளக்கட்டும். சொற்பட்டியலைச் சோதனைக்கு முன் கொடுப்பதைவிட, சோதனையைக் கண்ட பின் கொடுத்தால் சொல் நன்றாகப் பதிகிறது. இக்குழந்தைகளை எளிய ஒட்டுவேலைக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் வாதத்தைக் கற்பிப்பது பெரிய அநீதி என்பது என் உறுதியான கருத்து.

எட்டாம் படி: தேர்வு, பெற்றோர், ஆண்டிறுதி

எட்டாம் வகுப்புத் தேர்வு மூன்றாண்டுப் பாடத்தையும் தொடுவதால், ஆறாம், ஏழாம் வகுப்பு ஆசிரியர்களுடன் ஆண்டுக்கு இருமுறையாவது அமர்ந்து, யார் எதை நடத்தினார், எது விடுபட்டது என்று ஒப்பிடுங்கள். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் வினாத்தாள்களைத் திணிப்பதைவிட, அறிமுகமில்லாத ஒரு தரவுத் தொகுப்பை நாள்தோறும் ஒன்றாகக் கொடுத்துப் பேச வைப்பது கூடுதல் பலன் தரும்.

பெற்றோரைச் செப்டம்பரிலேயே தொலைபேசியில் அழைத்து, குழந்தை வகுப்பில் கேட்ட நல்ல கேள்வி ஒன்றைச் சொல்லுங்கள். இரவுப் பணி, இரண்டு வேலை என்று இருப்பவர்களிடம் எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. குழந்தையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

பள்ளி நாள் நீளமானது. இப்பள்ளிகளில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவதும் வழக்கம். ஆகவே ஜூன் மாதத்தின் கடைசி வாரத்தில், ஒவ்வோர் அலகிலும் எந்தச் சோதனை வேலை செய்தது, எவ்வளவு பொருள் செலவானது, எந்தக் கேள்வியில் வகுப்பு சிக்கியது என்று எழுதி வையுங்கள். பாட்டில்களில் பெயரும் தேதியும் ஒட்டி, பழைய வேதிப்பொருள்களைப் பள்ளி நிர்வாகத்தின் மூலம் முறைப்படி அகற்றச் சொல்லுங்கள். எழுதிய குறிப்புகளைப் பொருள் அலமாரியின் சாவியுடன் துறைத் தலைவரிடம் ஒப்படையுங்கள். செப்டம்பரில் அந்த அறைக்குள் நுழைபவர் நீங்களாக இருந்தாலும் வேறொருவராக இருந்தாலும், முதல் அலகைத் திட்டமிட அவை கைகொடுக்கும்.